காலியாகத் தெரிந்த ஹார்ட் டிஸ்க், 8,500 ரூபாய், ஒரு வரி கமாண்ட்

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, சஷ்டியப்த பூர்த்தி அழைப்பிதழ், சங்க ஆண்டறிக்கை என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். போன வருஷம் ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலர் வந்தது. 160 பக்கம். பாதிக்கு மேல் விளம்பரம், விளம்பரம் கொடுத்தவர்களிடம் விழாக்குழு பணமும் வாங்கியாயிற்று. என் லேப்டாப்பில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி என்பதால் படங்கள், கோரல் டிரா, இன்டிசைன் கோப்புகள் எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். அட்டைக்குக் கலர் ப்ரூஃப் எடுக்க அந்த டிஸ்க்கை ஓர் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்து லேப்டாப்பில் சொருகினால், ஒவ்வொரு ஃபோல்டர் ஐகானின் மூலையிலும் சின்னதாக ஓர் அம்புக்குறி. என்னவென்று பார்ப்பதற்குள் ஆன்டிவைரஸ் கத்த ஆரம்பித்தது. வைரஸை நீக்கிவிட்டேன் என்று பெருமையாக ஒரு பெட்டி வந்தது. அந்தப் பெட்டியை மூடியபோது டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை.

வயிற்றைப் பிசைந்தது என்பதெல்லாம் சாதாரணம். எனக்குக் கை நடுங்கியது. இதில் இன்னொரு கஷ்டம், யாரிடமும் சொல்ல முடியாது. விழாக்குழுவிடம் சொன்னால் மலர் கையைவிட்டுப் போகும். அடுத்த வேலையும் வராது. தெரிந்தவர்களிடம் பொதுவாகக் கேட்டதில், மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் வசதியை எக்ஸ்ப்ளோரரில் போட்டுப் பாருங்கள் என்றார்கள். போட்டேன், அப்போதும் வெள்ளைத் திரைதான். அதைப் பார்த்ததும் இனி சந்தேகமே இல்லை, எல்லாம் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். மறுநாள் காலையில் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு மாடிக்கடையில் டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தவர் சொன்னது ஒரே வரி: "டேட்டா போயிடுச்சு மேடம், ரெகவரிதான் போடணும்." பார்ப்பதற்கு 1,500, எடுத்துக் கொடுப்பதற்கு 7,000. பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை. பேசியிருந்தாலும் எதை வைத்துப் பேசுவது?

ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தடித்துவிட்டு வேறொரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த டிஸ்க்குக்கு விலை தனி, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் வந்து திறந்தேன். கோப்புகள் வந்திருந்தன, பெயர்கள் வரவில்லை. ஃபைல் 00001, ஃபைல் 00002 என்று ஆயிரக்கணக்கில் வரிசை. படமெல்லாம் ஒரு ஃபோல்டர், டாக்குமெண்ட் எல்லாம் ஒரு ஃபோல்டர். எந்த விளம்பரம் எந்தக் கடையுடையது, எது திருத்தத்துக்கு முந்தியது, எது பிந்தியது, ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்தேன், ராத்திரி ராத்திரியாக. ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தின் பழைய வடிவம் உள்ளே போய்விட்டது. நல்லவேளையாக இரண்டாவது ப்ரூஃபில் கண்ணில் பட்டது. மலர் ஒருவழியாக வெளியே வந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். குரோம்பேட்டை எம்ஐடியில் படிக்கிறவன். சாப்பிட்டுக்கொண்டே கதையைக் கேட்டவன், "அத்தை, அந்தப் பழைய டிஸ்க்ல ஏதாவது எழுதினாங்களா, இல்ல அப்படியே இருக்கா?" என்றான். டிராயரில் அப்படியேதான் கிடந்தது. வாங்கிச் சொருகினான். டிஸ்க் ஐகானின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் எடுத்தான். பயன்படுத்தப்பட்ட இடம்: 61 ஜிபி. "காலி டிஸ்க்கு எப்படி அத்தை 61 ஜிபி காட்டும்?" கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தான். தேதியும் நேரமும் போட்டு என் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. இன்னொரு வரி அடித்தான். எக்ஸ்ப்ளோரரில் எல்லாம் பழையபடி, பெயரோடு, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக. கையிலிருந்த சாம்பார் சாதம் காய்வதற்குள் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தை விட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

நடந்தது இதுதான். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது ஷார்ட்கட் வைரஸ். ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், அச்சகம் என்று பத்துப் பேர் பென்டிரைவ் சொருகுகிற இடங்களில் இது குடியிருக்கும். அது உங்கள் கோப்புகளை அழிப்பதில்லை. ஃபோல்டர்களுக்கு 'மறைந்தது' என்ற அடையாளத்தோடு 'சிஸ்டத்துக்குச் சொந்தமானது' என்ற அடையாளத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் மாட்டிய மாதிரி, ஆள் உள்ளேயே இருந்தாலும் தபால்காரர் வேறு கதவைத்தான் தட்டுவார். ஷார்ட்கட்டை நீங்கள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். விண்டோஸ் 7 காலத்திலிருந்து பென்டிரைவில் இருக்கும் புரோகிராம் சொருகியவுடன் தானாக ஓடுவதில்லை. அதனால்தான் நம் கையாலேயே கிளிக் செய்ய வைக்கும் இந்த ஏற்பாடு. என் ஆன்டிவைரஸ் ஷார்ட்கட்டுகளை மட்டும் துடைத்துவிட்டது, அடையாளங்களை அப்படியே விட்டுவிட்டது. சிஸ்டம் அடையாளம் இருப்பதால் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னாலும் காட்டாது. பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக் ஒன்று அதே பட்டியலில் கீழே தனியாக இருக்கிறது, அதையும் எடுக்க வேண்டும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்காரரோ மறைந்திருந்ததைத் திறக்காமல், அழிந்த கோப்புகளைத் தேடும் மென்பொருளை ஓட்டிவிட்டார். அதை ஆழமாகத் தேட விட்டால் கோப்பின் தொடக்க பைட்டுகளை வைத்து இது படம், இது டாக்குமெண்ட் என்று பிரித்தெடுக்கும், பெயர் கிடைக்காது. ஃபைல் 00001 வந்த கதை அதுதான்.

இனி அந்த இரண்டு வரிகள். போனில் ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையைத் தட்டி சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். உங்கள் டிஸ்க் எஃப் என்ற எழுத்தில் இருந்தால் எஃப் அடித்து, ஒட்டியே ஒரு கோலன் போட்டு என்டர். இப்போது அந்த டிஸ்க்குக்குள் வந்துவிட்டீர்கள். அடுத்து டைரக்டரி என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஸ்லாஷ், ஏ. ஸ்லாஷ் என்றால் கேள்விக்குறி இருக்கும் விசையில் உள்ளது. என்டருக்கு மேலே இருப்பது பின்பக்கம் சாய்ந்த வேறு கோடு. இரண்டையும் மாற்றிப் போடுவதால்தான் முதல் நாளில் பாதிப் பேர் இது வேண்டாம் என்று ஓடிவிடுகிறார்கள். இந்தக் கமாண்ட் எதையும் மாற்றாது, வெறுமனே பட்டியல் காட்டும். ஸ்லாஷ் ஏ இல்லாமல் அடித்தால் கோப்பு இல்லை என்று சொல்லும் அதே டிஸ்க், ஸ்லாஷ் ஏ போட்டால் உள்ளதையெல்லாம் கக்கும். அங்கே உங்கள் ஃபோல்டர் தெரிந்தால் எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.

இரண்டாவது வரி, அடையாளங்களை எடுப்பது. அட்ரிபியூட் என்ற சொல்லின் முதல் ஆறு எழுத்து (அட்ரிப்); இடைவெளி; மைனஸ் எச்; இடைவெளி; மைனஸ் ஆர்; இடைவெளி; மைனஸ் எஸ்; இடைவெளி; ஸ்லாஷ் எஸ்; இடைவெளி; ஸ்லாஷ் போட்டு டைரக்டரியின் முதல் எழுத்து; இடைவெளி; கடைசியில் எஃப், கோலன், பின்பக்கம் சாய்ந்த கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம், இவை ஆறும் இடைவெளி இல்லாமல். என்டர். பெரிய டிஸ்க்காக இருந்தால் சில நிமிஷம் ஒன்றும் பேசாமல் நிற்கும், மூடிவிடாதீர்கள். மறைந்ததைக் குறிக்கும் எச்சையும் சிஸ்டத்தைக் குறிக்கும் எஸ்ஸையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். எச்சை மட்டும் எடுக்கப் பார்த்தால், இது சிஸ்டம் கோப்பு, மாற்ற மாட்டேன் என்று மறுத்துவிடும். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு கமாண்டே வேலை செய்யவில்லை என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். இதைச் செய்வது எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோதான். விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் செய்யாதீர்கள், அங்கே சில கோப்புகள் மறைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. இன்னொன்று, சில வகை வைரஸ் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைக்கும். அட்ரிப் ஓடியபின் அந்த ஊமை ஃபோல்டர் எக்ஸ்ப்ளோரரில் தெரியும், உள்ளே போய் உங்களுடையதை வெளியே நகர்த்திக்கொள்ளலாம். அங்கே நீங்கள் வைக்காத ஸ்கிரிப்ட் கோப்பு ஏதாவது கிடந்தால் அதைத் திறக்காமல் அழியுங்கள், லேப்டாப்பையும் முழுதாக ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். அட்ரிப் கோப்பைத்தான் காட்டுகிறது, வைரஸை விரட்டுவதில்லை.

நம்மைப்போல் தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தொல்லை கூடுதலாக உண்டு. பழைய கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும். முதலில் பார்த்தபோது பெயர்களும் கெட்டுவிட்டன என்று எனக்குப் பகீரென்றது. கெடவில்லை, அந்தத் திரைக்குத் தமிழ் காட்டத் தெரியாது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-இல் வரும் டெர்மினலில் எழுத்து தெரிகிறது. பெயரை அடிக்கவும் அவசியமில்லை. டேப் விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பெயராக அதுவே நிரப்பும். அல்லது எக்ஸ்ப்ளோரரிலிருந்து ஃபோல்டரை இழுத்துக் கறுப்புத் திரையில் போட்டால் முழு முகவரியும் வந்து உட்காரும். முன்பு அடித்த வரி மறுபடி வேண்டுமானால் மேல் அம்பு. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த கன்ட்ரோலும் சியும்.

இப்போது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பட்டியல் எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு என்னிடம் அது இருந்திருந்தால் அந்த ராத்திரி வேலை பாதியாகியிருக்கும். முதலில் சி, எச், சி, பி, இடைவெளி, 65001 என்று அடித்து என்டர். இதைச் செய்யாவிட்டால் பட்டியலில் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக விழும். பிறகு முன்பு சொன்ன டைரக்டரி கமாண்ட், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் பி, அதன்பின் 'விடப் பெரியது' குறி, கடைசியில் நோட்பேடில் திறக்கிற மாதிரி ஒரு கோப்புப் பெயர். டிஸ்க்கின் மொத்தக் கோப்புப் பட்டியலும் முகவரியோடு அதில் போய் விழும். அதைப் போனில் போட்டுக்கொண்டால், வாடிக்கையாளர் போன வருஷப் பத்திரிகையைக் கேட்கும்போது டிஸ்க்கைச் சொருகாமலே எங்கே இருக்கிறது என்று சொல்லலாம்.

பிரதி எடுப்பதற்கு இப்போது ரோபோகாப்பி என்ற கமாண்ட். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸுடனே வருகிறது, எதையும் இறக்க வேண்டாம். ரோபோகாப்பி, எங்கிருந்து, எங்கே, ஸ்லாஷ் இ, ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1. முதல் முறை எல்லாவற்றையும் எடுக்கும், அடுத்த முறை முதல் மாறியதை மட்டும். ராத்திரி படுக்கப் போகும் முன் ஓட்டினால் பல் தேய்த்து வருவதற்குள் முடிந்திருக்கும். அந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிடக் கூடாது. ஒரு கோப்பு படிக்க வராவிட்டால் ரோபோகாப்பி தானாக 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டால் ஒரே கோப்புக்கு 347 நாள்! இந்த வரியை நோட்பேடில் எழுதி, பெயரின் முடிவில் புள்ளி போட்டு பி, ஏ, டி (பேட்) என்ற மூன்று எழுத்தோடு சேமித்தால் அடுத்த நாளிலிருந்து டபுள் கிளிக்கிலேயே ஓடும். அதற்காகவே மேல் ஃபோல்டர்களுக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டேன், பேட் கோப்புக்குள் தமிழ்ப் பெயர் வந்தால் சில நேரம் மக்கர் செய்கிறது. மிரர் என்பதற்கு எம்ஐஆர் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு, பலர் அதைத்தான் சொல்வார்கள். அது மூலத்தில் இல்லாததைப் பிரதியிலிருந்தும் அழித்துவிடும். இரண்டு முகவரியும் இடம் மாறிப்போனால் அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் கடைசியில் ஸ்லாஷ் எல் சேர்த்து ஓட்டிப் பாருங்கள், என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லும், செய்யாது.

கறுப்புத் திரை ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டெல் கமாண்டில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. டிஸ்க்கைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கமாண்டில் கிளீன் என்று அடித்தால், நிச்சயமாகவா என்றுகூடக் கேட்காமல் டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை எடுத்துவிடும். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கமாண்டை எல்லா நோய்க்கும் கஷாயமாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் சொன்னார்கள். ஸ்லாஷ் எதுவும் இல்லாமல் ஓட்டினால் அது வெறுமனே பார்த்துச் சொல்லும். ஸ்லாஷ் எஃப் போட்டால் திருத்தும், ஸ்லாஷ் ஆர் போட்டால் டிஸ்க் முழுவதையும் தேய்த்துப் பார்க்கும். டிக் டிக் என்று சத்தம் வருகிற டிஸ்க்கில் ஸ்லாஷ் ஆர் ஓட்டாதீர்கள். இருக்கிற உயிரையும் அந்தத் தேடலிலேயே விட்டுவிடும். அங்கேதான் கடைக்காரர் வேண்டும்.

நிஜமாகவே அழிந்துபோனதற்கு மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்று இலவசமாக ஒன்று வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும், ஓடுவது இதே கறுப்புத் திரையில்தான், விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண் கொண்ட பதிப்பு (அது வருஷம் அல்ல) முதல். கோப்பு தொலைந்த டிஸ்க்கும் மீட்டுப் போடும் டிஸ்க்கும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும், அது நியாயமான அடம். தொலைந்த டிஸ்க்கில் புதிதாக ஒரு படம்கூடப் போடக் கூடாது. ஆக, கடைக்குப் போவதாக இருந்தால் முதலில் பிராப்பர்ட்டீஸில் பயன்படுத்தப்பட்ட இடம் எவ்வளவு என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்க வேண்டியது: மறைந்திருக்கிறதா, அழிந்ததா, டிஸ்க்கே பழுதா? என் டிஸ்க்கில் எழுதாமல் வேலை செய்வீர்களா? பெயரும் ஃபோல்டரும் வருமா? மூன்றாவதற்கு வராது என்றால் விலை பாதியாக வேண்டும், அதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மூன்றுக்குமே மழுப்பினால் அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்? நரசிங்கபுரம் தெரு வரை போய்க்கொண்டே இருக்கலாம்.

இந்தப் பழக்கம் வந்தபின் வேறொரு காரியத்துக்கும் உதவியது. லேப்டாப் அடிக்கடி அணைந்துபோக, பேட்டரி போய்விட்டது, 4,200 ஆகும் என்றார் ஒரு மெக்கானிக். பவர் சிஎஃப்ஜி என்பதைச் சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு பேட்டரி ரிப்போர்ட் என்பதையும் சேர்த்து அடித்தேன். பிரவுசரில் திறக்கிற ஓர் அறிக்கையை எழுதிவைத்து, எங்கே வைத்தேன் என்றும் சொன்னது. தயாரிப்பில் பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு ஏறுகிறது என்று அடுத்தடுத்த வரியில் இருந்தது. 41,000 மில்லிவாட்-மணிக்கு 36,000. அறிக்கையை அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி மேடம், சார்ஜரைக் கொடுங்க" என்றார். சார்ஜர் பின்னை ஒட்டிய இடத்தில் ஒயர் விட்டிருந்தது. புது அடாப்டர் 900 ரூபாய்.